ஐநூற்றொரு கிலோ

ராத்திரி ஒன்பது மணிக்கு அவிழ்த்துவிட்டேன்.
காவேரிப்பட்டினம் சாலையில் ஒரு மாங்கூழ் ஆலை.
அதன் எடைமேடை மென்பொருளின் நகல் என் மேஜையில்.
எதிரே நான் எழுதிய நிரல்.
பெரிதாக ஒன்றுமில்லை, உளறும்.
நிறுத்தச் சொல்லும்வரை உளறும்.

வண்டி எண் கேட்டால் ஆச்சரியக்குறி எழுபது.
தேதி கேட்டால் மாசி முப்பத்தெட்டு.
காலி லாரியின் எடை, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டன்.
பழத்தின் வகை, ஒரு கொம்பு மட்டும்,
சாய்ந்துகொள்ள மெய்யில்லாமல்.

‘இப்படியெல்லாம் எவன்மா அடிப்பான்?’
டீயை ஆற்றியபடி மாதேஷ்.
எவனும் அடிக்க மாட்டான் சார்,
திருடன் அடிப்பான்,
இல்லையென்றால் விசைப்பலகைமேல் பல்லி ஓடும்.
பல்லிக்குப் பலன் உண்டு என்றார் அவர்.
அதைத்தான் பார்க்கிறேன் என்றேன்.

குருட்டாம்போக்குக்கும் ஒரு விதை எண் உண்டு.
அதை மறுபடி ஊன்றினால்
அதே கன்னாபின்னா, எழுத்துப் பிசகாமல் முளைக்கும்.
மாங்கொட்டைக்கு இந்த ஒழுக்கம் கிடையாது.
தோத்தாபுரியைப் புதைத்தால்
என்ன வருமென்று தோத்தாபுரிக்கே தெரியாது.

மூன்றேகாலுக்கு விழுந்தது.
முப்பத்தொரு லட்சத்துச் சொச்சமாவது உளறல்.

பெயர்க் கட்டத்தில் குப்பை கிடந்தது.
குப்பையில் பாதியை வெட்டினேன், நின்றது.
கொஞ்சம் சேர்த்தேன், விழுந்தது.
அறுபத்துமூன்றில் நிற்கிறது.
அறுபத்தைந்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.
அறுபத்துநான்கில் மட்டும் விழுகிறது.

பெயருக்கு அறுபத்துநான்கு அறை.
பெயர் முடிந்தது என்று சொல்ல
கடைசியில் ஒரு சுழி வைக்க வேண்டும்.
எழுதியவன் சுழிக்கு அறை விட மறந்துவிட்டான்.
சுழி பக்கத்து வீட்டில் ஏறி உட்காருகிறது.
பக்கத்து வீடு எடை.
எடையின் வால் அழிந்துபோகும்,
அவ்வளவுதான்; சத்தம் வராது, ரசீது வரும்.

ஆங்கிலப் பெயர் அத்தனை நீளம் போகாது.
தமிழ் எழுத்துக்குத்தான் மூன்று அறை,
கொம்புக்கு மூன்று, புள்ளிக்கும் மூன்று.

விடிந்தது. ஆலைக்குப் போய்ப் புகார்க் கோப்பைக் கேட்டேன்.
கேட்டில் லாரிகள், பழுத்த வாசம், ஈ.
போன வைகாசியில் ஒரு தாள்:
‘எடை குறையுது. வெளி மேடையில போட்டுப் பாத்தேன்.’
கீழே சிவப்பு மை:
கல் வைத்துச் சோதித்தாயிற்று. பழுதில்லை.
கல்லுக்கு அவர்கள் அடித்த பெயர் டெஸ்ட்.

புகார் தந்தவர் கோடுபட்டி தொட்டமுனியன்.
விரல்விட்டு எண்ணினேன்,
புள்ளியையும் கொம்பையும் தனியாக.
இருபத்தொன்று. மூன்றால் பெருக்கினால் அறுபத்துமூன்று.
ஊருக்கும் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி.

வெளி மேடையில் 4287. இங்கே 4096.
வெளியே 3902. இங்கே 3840.
4600 வந்து 4352 ஆயிருக்கிறது.
ரசீது மூன்றும் இருநூற்றைம்பத்தாறால்
மீதியில்லாமல் வகுபடும்.
அவர் மாந்தோப்பு அப்படிக் காய்க்காது.

குறைந்தது ஐநூற்றொரு கிலோ.
மொய் எழுதின மாதிரி.

பொருந்தாத உள்ளீடு என்று
ராவெல்லாம் நான் அள்ளி வீசியதில்
ஒரு மனிதரின் முழுப்பெயரின் நீளம் இருந்திருக்கிறது.
அவர் அதைச் சரியாகத்தான் சொன்னார்.
எழுதினவரும் பிழையில்லாமல்தான் அடித்திருக்கிறார்.

அறிக்கைப் படிவம்: தீவிரம், சிறிது நடுத்தரம் பெரிது.
பாதிக்கப்பட்ட பகுதி, பெயர்க் கட்டம்.
திருத்தம், ஓர் அறை கூட்டவும்.
ஐநூற்றொரு கிலோவை எழுதக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
மாதேஷ் படித்தார், அடிக்கவில்லை,
டீ ஆறிப்போயிருந்தது.

ஒன்பது மணிக்கு மறுபடி அவிழ்த்துவிட வேண்டும்.
விதைக் கோப்பில் முதல் வரியாக
அவர் பெயரைப் போட்டிருக்கிறேன்.
இன்றைக்கு அதிலிருந்துதான் உளறத் தொடங்கும்,
ஒரு புள்ளியைத் தின்று,
ஒரு கொம்பைத் திருப்பி.